5,840 கிலோமீட்டர்: போக ஆறரை மணி, வர ஒன்பது மணி

2025 ஜனவரியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு டெல்லியிலிருந்து டோக்கியோ போய்வந்தேன். தங்கை குடும்பம் அங்கே எட்டு வருஷமாக இருக்கிறது. அப்பாவுக்கு 73 வயது. பாளையங்கோட்டையில் முப்பத்து நான்கு வருஷம் புவியியல் வாத்தியார். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்றோட்டம் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை அம்புக்குறி போட்டவர், இந்த முறைதான் அந்த அம்புக்குறிக்குள்ளேயே உட்கார்ந்து போனார். தினமும் இரவு எழுதிவைத்த குறிப்புகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, நாள்வாரியாக இங்கே போடுகிறேன்.

ஜனவரி 10, வெள்ளி. டெல்லி

மயூர் விஹார் வீட்டிலிருந்து மதியம் மூன்றரைக்குக் கிளம்பினோம். விமானம் இரவு 7.50-க்கு. போய்ச் சேர்ந்தபோதே பலகையில் 9.30 என்று மாற்றியிருந்தார்கள். பிறகு அது 11 ஆனது. அப்புறம் நேரமே இல்லாமல் வெறும் 'தாமதம்' மட்டும் நின்றது.

காலையில் அடித்த மூடுபனிதான் காரணம். விடிகாலை விமானங்கள் தள்ளிப்போக, அதே விமானங்களை நம்பியிருந்த மதிய விமானங்களும் தள்ளிப்போக, அந்த வரிசையின் வாலில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். டெல்லியில் அதற்கான கருவிகள் எல்லாம் இருக்கின்றன. பயிற்சி பெற்ற விமானி என்றால் ஓடுபாதையில் 50 மீட்டர் தெரிந்தாலே இறங்கிவிடலாம். ஆனால் கிளம்புவதற்கு 125 மீட்டர் தெரிய வேண்டும். அதனால் இறங்கிய விமானம் கிளம்ப முடியாமல் நின்றுவிடும். இதையெல்லாம் பக்கத்தில் இருந்த ஒரு பயணிதான் சொன்னார். விமான நிறுவனத்தின் ஆட்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வயதானவர்கள் எத்தனையோ பேர் இரும்பு நாற்காலியில் கழுத்து தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 'இன்னும் மூன்று மணி நேரம் ஆகும்' என்று ஒழுங்காகச் சொல்லியிருந்தால் எங்காவது காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். இது எனக்கு உண்மையாகவே கோபம் தந்தது.

சாப்பாட்டுக்கு ஆளுக்கு 400 ரூபாய் கூப்பன் கொடுத்தார்கள். மசாலா தோசை 430. மேற்கொண்டு கேட்ட முப்பது ரூபாயைக் கொடுத்து வாங்கினால், தோசை ஈரத்துணி மாதிரி இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பஞ்சாபிப் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, எவர்சில்வர் டப்பாவைத் திறந்து இரண்டு மேத்தி பராத்தாவும் மாங்காய் ஊறுகாயும் எடுத்து அப்பா கையில் வைத்தார். அப்பாவுக்கு இந்தியும் தெரியாது, பஞ்சாபியும் தெரியாது. தங்கைக்காகக் கொண்டுபோன திருநெல்வேலி அல்வாவில் கால் கிலோப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டி, "சாப்பிடுங்கம்மா, இது இருட்டுனதுக்கு அப்புறம் வாங்குனது, சூடு ஆறாமக் கட்டுனது" என்று தமிழிலேயே விளக்கினார். பாட்டியும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

விமானம் தரையை விட்டபோது மணி இரவு 1.35. அப்பா தன் பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஜனவரி 11, சனி. வானம், பிறகு நிஷி கசாய்

அப்பா தூங்கவே இல்லை. முன் சீட்டுத் திரையில் ஓடும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொல்கத்தா பக்கம், வங்கதேசம், மியான்மர், அப்புறம் சீனாவின் குன்மிங். எழுப்பக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, நான் கண்ணைத் திறந்ததும்தான் முழங்கையால் தட்டினார்.

"ஏட்டி, வேகத்தைப் பாரு."

மணிக்கு 1,148 கிலோமீட்டர் என்று காட்டியது. ஜெட் விமானம் காற்றுக்குள் போகிற வேகம் ஏறக்குறைய 900தான். மீதி முழுக்க, பின்னாலிருந்து தள்ளிய மேற்குக் காற்று. குளிர்காலத்தில் இந்தக் காற்றோட்டம் இமயமலைக்குத் தெற்கே இறங்கி வட இந்தியாவின் தலைக்கு மேலேயே ஓடும். பஞ்சாபுக்கும் டெல்லிக்கும் ஜனவரி மழையைக் கொண்டுவரும் மேற்கத்திய இடையூறுகளை இழுத்து வருவதும் இதுதான். சீனாவைத் தாண்டி ஜப்பானுக்கு மேலே போகும்போது இது இன்னும் வலுக்கும். பூமியில் இவ்வளவு பலமாக இது வீசும் இடங்கள் அதிகமில்லை. "தாமிரபரணியில வெள்ளத்தோட நீந்துற மாதிரி" என்றார் அப்பா. "நாம கையைக் காலை அசைக்கிறது கொஞ்சம். மிச்சத்தை ஆறு பாத்துக்கிடும்."

கிளம்பி மூன்றரை மணி நேரத்தில் விடிந்துவிட்டது. அப்பாவின் ஹெச்.எம்.டி. கடிகாரத்தில் மணி ஐந்து. கிழக்கே போகிறவர்களுக்கு இரவு சீக்கிரம் முடிந்துவிடும் என்று படித்ததுதான். ஆனால் ஜன்னல் விளிம்பில் ஆரஞ்சுக் கோடு விழுந்து, ஐந்து நிமிஷத்தில் இறக்கை முழுக்க வெளிச்சம் பரவியதைப் பார்த்தபோது உடம்பு அதை நம்பவில்லை. கண் எரிந்தது.

இறங்குவதற்கு முன்னால் இடப் பக்கம் ஃபூஜி மலை தெரிந்தது. பாதிக்கு மேல் வெள்ளை. எங்கள் வரிசையில் ஜன்னலோரம் இருந்த ஜப்பானியப் பையன் எழுந்து நின்று அப்பாவுக்கு இடம் விட்டான். சீட் பெல்ட் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் பணிப்பெண் ஓடிவந்து இருவரையும் உட்காரச் சொன்னார். இருவரும் சீட் மாறி உட்கார்ந்தபடியேதான் இறங்கினார்கள்.

டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் சக்கரம் தரையைத் தொட்டது ஜப்பான் நேரம் 11.43. ஆகாயத்தில் இருந்தது 6 மணி 38 நிமிஷம்.

இமிகிரேஷனில் ஐம்பது நிமிஷம். பிறகு கெய்க்யூ ரயிலில் நிஹோன்பாஷி, அங்கே தோசாய் லைனுக்கு மாற வேண்டும். மாறுகிற இடத்தில் நாங்கள் பிடித்த வழியில் எஸ்கலேட்டர் இல்லை. 23 கிலோ பெட்டியோடு படிக்கட்டின் அடியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து இறங்கிவந்த ஒரு பெண் ஒன்றும் பேசாமல் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். மேலே வந்து வைத்ததும் சின்னதாகக் குனிந்துவிட்டு, வந்த படிகளிலேயே திரும்ப இறங்கி ஓடினாள். அவளுடைய ரயில் அந்தப் பக்கம். எங்களுக்காக ஒரு ரயிலை விட்டிருப்பாள்.

தங்கை வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி 2.40. டெல்லி வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து இந்தக் கதவு திறக்கும்வரை 19 மணி 40 நிமிஷம். பறந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. 'டோக்கியோ எவ்வளவு நேரம்?' என்று யாராவது கேட்டால் ஏழரை மணி நேரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் ஒரு முழு நாளை ஒதுக்கி வையுங்கள் என்றுதான் சொல்வேன், அதுவும் ஜனவரியில்.

சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், ரசம். சாப்பிட்டு ஆறு மணிக்கே படுத்துவிட்டோம்.

ஜனவரி 12, ஞாயிறு. நிஷி கசாய்

எடோகவா வட்டாரத்தில் இருக்கிறது நிஷி கசாய். 2000-ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறு பயத்தை ஒட்டி வந்த இந்திய மென்பொருள் ஆட்கள் இங்கேதான் குடியேறினார்கள். தோசாய் லைனில் ஏறினால் வங்கிகள் இருக்கும் ஓதெமாச்சிக்கு நேராகப் போய்விடலாம் என்பது முக்கியக் காரணம். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடப்பதற்குள் இரண்டு இடங்களில் தமிழ் காதில் விழுந்தது.

காலையில் தங்கை மகள் தன் உலக உருண்டையைக் கொண்டுவந்து தாத்தா மடியில் வைத்தாள். இரண்டாம் வகுப்பு. அப்பா தையல் டப்பாவிலிருந்து நூல் கேட்டார். ஒரு முனையை டெல்லியில் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை டோக்கியோவில் வைத்து விறைப்பாக இழுத்தார். நூல் நேராகக் கிழக்கே போகவில்லை. வடக்கே ஏறி, திபெத்தைக் கடந்து, சீனாவின் கிழக்குக் கரையில் ஷாந்தோங் தீபகற்பத்தை ஒட்டி உச்சிக்குப் போய், பிறகு ஜப்பானுக்குள் இறங்கியது. நூலின் நீளம் பதினான்கு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 425 கிலோமீட்டர். பெருக்கினால் 5,800-ஐ ஒட்டி வரும். சரியான கணக்கு 5,840 கிலோமீட்டர்.

"அப்ப நீங்க இந்த வழியாவா வந்தீங்க தாத்தா?"

"இல்ல தங்கம். சுத்தி வந்தோம்."

விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் உடனே கீழே, மூச்சு விடக்கூடிய உயரத்துக்கு இறங்க வேண்டும். மேலிருந்து தொங்கும் முகமூடியில் ஆக்சிஜன் பொதுவாகக் கால் மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். திபெத் பீடபூமியே சராசரியாக நாலாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம். அங்கே இறங்குவதற்குக் கீழே இடம் இல்லை. அதனால்தான் பெரும்பாலான விமானங்கள் அந்தப் பக்கம் போவதில்லை. எங்களைப் போலக் கங்கைச் சமவெளி வழியாக மியான்மர் போய், அங்கிருந்து சீனாவுக்குள் ஏறும். இணையத்தில் பார்க்கும் தூரமெல்லாம் நூலின் தூரம். நிஜத்தில் பறப்பது அதைவிடச் சில நூறு கிலோமீட்டர் கூடுதல். பேத்தி நூலை எடுத்துக் கீழே வளைத்து, கொல்கத்தாவிலும் குன்மிங்கிலும் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப நூல் பத்தல" என்றாள். அப்பாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை எழுத முடியாது.

மதியம் கடைக்குப் போனோம். 100 யென் என்றால் அப்போது நம் பணத்தில் சுமார் 55 ரூபாய். அரிசி ஐந்து கிலோப் பை 3,600 யென்னைத் தாண்டியிருந்தது. ஒரே வருஷத்தில் இப்படி ஏறிவிட்டது என்று தங்கை புலம்பினாள். குளிர் பத்து டிகிரிக்குக் கீழே, ஆனால் வெயில் பளிச்சென்று. காற்றில் ஈரமே இல்லை. அப்பாவுக்கு உதடு வெடித்துவிட்டது. கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுருக்கென்று மின்சாரம் அடிக்கிறது.

திரும்பும்போது கன்வீனியன்ஸ் கடையில் ஓதென் வாங்கினோம். மீன் சாறில் முள்ளங்கி, முட்டை, மீன் உருண்டை எல்லாம் வெந்துகொண்டிருக்கும், நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் சாம்பல் நிறத்தில் ரப்பர் துண்டு மாதிரி ஒன்று. கொன்யாகு என்று பெயர். 'எதில் செய்தது?' என்று அப்பா கேட்டார். ஒரு கிழங்கு மாவில். தேடிப் பார்த்தால் நம் சேனைக்கிழங்கின் நேர் சொந்தம், ஒரே பேரினம். ருசி என்று தனியாக ஒன்றும் கிடையாது, சாற்றின் ருசிதான். அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டார். இந்தக் கொன்யாகு புதன்கிழமை மறுபடியும் வரும்.

ஜனவரி 13, திங்கள். அசாகுசா

ஜனவரி இரண்டாம் திங்கள், ஜப்பானில் வயதுக்கு வந்தோர் தினம், அரசு விடுமுறை. சட்டப்படி 18 வயதிலேயே பெரியவர்கள் ஆகிவிடுகிறார்கள் என்று 2022-இல் மாற்றினாலும், பல ஊர்களில் விழா இன்னும் இருபது வயதுக்காரர்களுக்குத்தான். நீளக் கை வைத்த கிமோனோவில், கழுத்தில் வெள்ளை உரோமப் பட்டையோடு பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அசாகுசா கோயிலில் நடக்க இடமில்லை. காணிக்கைக்கு ஐந்து யென் போடுவது வழக்கம் என்று மாப்பிள்ளை சொன்னார். 'கோ என்' என்றால் ஐந்து யென், அதே ஒலியில் 'நல்ல உறவு' என்றும் பொருள். நடுவில் ஓட்டை உள்ள காசு அது. அதை அப்பா போடவில்லை, நம் ஊர் பழைய ஓட்டைக் காலணா மாதிரியே இருக்கிறது என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கால் வலி. சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

டோக்கியோவில் சூரிய உதயம் 6.50-க்கு. பாளையங்கோட்டையில் அப்போது மணி மூன்று இருபது. பாதி இருட்டில் பால்கனிக் கதவைத் திறந்துவைத்து, மின் அடுப்பில் எவர்சில்வர் பாத்திரத்தை ஏற்றினாள் தங்கை. வெண்கலப் பானை அந்த அடுப்பில் சூடாகாது. மஞ்சள் கொத்து கிடைக்கவில்லை, காய்ந்த விரலி மஞ்சளை நூலில் கட்டினோம். கரும்பு இல்லை. பால் பொங்கியபோது குலவை போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்துவிடுவார்கள் என்று நானும் தங்கையும் தாழ்ந்த குரலில் போட்டோம். பேத்தி மட்டும் முழுக் குரலில் "பொங்கலோ பொங்கல்".

அப்பா அம்மாவின் படத்தைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். எங்களிடம் சொல்லவில்லை. அதை எடுத்து அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்தார்.

பிறகு ஊருக்குப் போன் செய்ய வேண்டும் என்றார். அங்கே இன்னும் விடியவில்லை அப்பா என்றேன். பேத்திக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். ஜப்பானின் நேரம் அகாஷி நகரம் வழியாகப் போகும் 135 டிகிரி தீர்க்கரேகையை வைத்து. இந்தியாவின் நேரம் மிர்சாபூர் பக்கம் போகும் 82.5 டிகிரியை வைத்து. வித்தியாசம் 52.5. டிகிரிக்கு நான்கு நிமிஷம், ஆக 210 நிமிஷம், மூன்றரை மணி. சித்தப்பா வீட்டுக்குப் போன் போட்டது அந்தக் கணக்கு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து. "எங்களுக்குப் பொங்கி முடிஞ்சுட்டுடே" என்று தம்பியிடம் ஆரம்பித்தார்.

ஜனவரி 15, புதன். த்சுகுபா

இந்தப் பயணத்தில் அப்பா தானாகக் கேட்டது ஒரே ஒரு இடம். தததெனோ என்று நோட்டில் எழுதி அடித்து, 'ததெனோ' என்று திருத்தி வைத்திருந்தார். டோக்கியோவுக்கு வடகிழக்கே த்சுகுபா நகரத்தில் இருக்கிற மேல்வளி ஆய்வகம். 1920-இல் தொடங்கியது.

அதன் முதல் இயக்குநர் ஓஇஷி வஸபுரோ. சின்ன பலூன்களை விட்டு, தரையிலிருந்து தியோடலைட் என்ற கோணம் அளக்கும் தொலைநோக்கியால் அவற்றைத் தொடர்ந்து பார்த்து மேல்காற்றை அளந்தவர். 1920-களின் நடுவில், குளிர்கால மேற்குக் காற்று ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு எழுபது மீட்டர் வேகத்தைத் தொடுவதைக் கண்டார். மணிக்கு 250 கிலோமீட்டர். 1926-இல் அதை வெளியிட்டார், எஸ்பெராந்தோ மொழியில். உலகத்துக்கெல்லாம் பொதுவான மொழி என்று நம்பி அதற்காக உழைத்தவர் அவர். பிறகு ஜப்பானின் எஸ்பெராந்தோ கழகத்துக்குத் தலைவராகவும் இருந்தார். எல்லோரும் படிக்க வேண்டும் என்று எழுதியதை வெளிநாட்டில் ஏறக்குறைய யாருமே படிக்கவில்லை. 1944 கடைசியில் ஜப்பானைக் குண்டு போடப் பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் மாட்டித் திணறியபோதுதான் வெளியுலகம் விழித்தது. அப்பா இந்தக் கதையை ரயிலில் எனக்கு முழுக்கச் சொன்னார். குரலில் வருத்தம் இருந்தது, சொந்தச் சித்தப்பாவுக்கு நடந்தது போல.

ஆய்வகத்துக்குள் போவது எங்கள் நோக்கம் இல்லை. காலை எட்டரைக்குப் பலூன் விடுவார்கள், அதை வெளியிலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். விடிகிற நேரத்தில் கிளம்பினோம். தோசாய் லைன் அரகவா ஆற்றைத் தாண்டும் பாலத்தில் ஃபூஜி இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அந்நேரத்திலேயே பெட்டியில் நிற்க இடமில்லை, ஆனால் ஒரு சத்தம் இல்லை. அகிஹபாராவில் த்சுகுபா எக்ஸ்பிரஸ். விரைவு வண்டி என்றால் 45 நிமிஷம். நான் பலகையைச் சரியாகப் பார்க்காமல் முதலில் வந்த வண்டியில் ஏற்றிவிட்டேன். அது மொரியாவோடு நின்றுவிட்டது. அடுத்த வண்டிக்கு நடைமேடையில் காத்திருந்தபோது, அப்பா ஒன்றும் சொல்லாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தானியங்கி இயந்திரத்தில் சூடான டீ டப்பா வாங்கி அவர் கையில் கொடுத்தேன். 150 யென். அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்.

த்சுகுபாவில் இறங்கி டாக்ஸி. 2,400 யென் ஆனது. ஆய்வக வேலி ஓரமாக இறங்கியபோது மணி 8.39. போய்விட்டது.

நாயோடு நடந்துவந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்தார். குரங்குக் குல்லாய் போட்ட கிழவர் ஒருவர் வேலிக்கு வெளியே நின்று வானத்தைத் தேடுவதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அப்பா பக்கத்தில் வந்து நின்று, கையை நீட்டி, கிழக்கே உயரத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது, உப்புக் கல் மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. மூவரும் நின்று பார்த்தோம். நாயும் உட்கார்ந்துவிட்டது. நாலைந்து நிமிஷத்தில் புள்ளி கரைந்துபோனது. பெரியவர் என்னவோ சொன்னார், 'கஸே' என்ற ஒரு சொல் மட்டும் எனக்குத் தெரியும். காற்று.

உலகத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இப்படிப் பலூன் ஏறுகிறது. அந்த அளவீடுகளை வைத்துத்தான் வானிலைக் கணிப்பும், விமானம் எந்த உயரத்தில் எந்த வழியில் போனால் எரிபொருள் மிச்சமாகும் என்ற கணக்கும். "மீனம்பாக்கத்துலயும் இப்பத்தான் விட்டிருப்பான்" என்றார் அப்பா.

மதியம் ஸ்டேஷன் பக்கம் நின்றுகொண்டே சாப்பிடும் கடையில் சோபா நூடுல்ஸ், ஒரு கிண்ணம் 480 யென். அப்போதுதான் அப்பா கொன்யாகு கதைக்கு வந்தார். ஓஇஷி கண்ட காற்று முதலில் பயன்பட்டது போருக்கு. 1944 நவம்பரிலிருந்து 1945 ஏப்ரல் வரை 9,300-க்கு அருகில் காகித பலூன்களை, வெடிகுண்டு கட்டி, ஜப்பான் கடற்கரையிலிருந்து விட்டார்கள். ஏவுமிடங்களில் ஒன்று இதே இபராகி மாகாணத்தில். மேற்குக் காற்று அவற்றை மூன்று நாள் போல பசிபிக்கைத் தாண்டி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. பத்து மீட்டர் அகல பலூன் அது. கைக்காகிதத் தாள்களை அடுக்கி ஒட்டிச் செய்தவர்களில் பெரும்பகுதி பள்ளிக்கூடப் பெண்கள். ஒட்டுவதற்குப் பசை, கொன்யாகு மாவு. நாடே பட்டினி கிடந்த நேரம். 1945 மே 5-ஆம் தேதி அமெரிக்காவின் ஆரிகனில், காட்டுக்குள் விழுந்து கிடந்த ஒன்று வெடித்து, ஒரு கர்ப்பிணியும் ஐந்து குழந்தைகளும் இறந்தார்கள்.

"இங்க ஒட்டுனதும் பிள்ளைங்க. அங்க செத்ததும் பிள்ளைங்க" என்றார். கிண்ணத்தில் மீதியிருந்த சாற்றைக் குடிக்கவில்லை.

ஜனவரி 17, வெள்ளி. திரும்புதல்

நேற்று எழுத ஒன்றுமில்லை, துணி துவைத்துப் பெட்டி கட்டினோம். இன்று ஹனேடாவில் பேத்தி அழவில்லை. தாத்தாதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. தரையை விட்டது 11.48. போகும்போது 1,148 காட்டிய திரை, ஜப்பானைத் தாண்டுவதற்குள் 690-க்கு இறங்கியிருந்தது. அதே வகை விமானம், அதே இயந்திரம். கொரியாவுக்குத் தெற்கே நகரவே மாட்டேன் என்று நின்றது வரைபடத்தில் அந்தச் சின்ன விமானம். மூன்று மணி நேரம் கழிந்தும் சீனாவின் பாதியைத் தாண்டவில்லை. சாப்பாடு வந்தது, போனது. அப்பாவின் பாதம் வீங்கி செருப்புப் பட்டை பதிந்துவிட்டது. அரை மணிக்கு ஒருமுறை எழுப்பி, கழிப்பறை வரை நடக்கவைத்தேன். வெயிலும் எங்களோடே வந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது, பொழுது சாயவில்லை.

போகும்போது மிச்சம் பிடித்தது திரும்பும்போது செலவாகிவிடும், கணக்கு நேராகிவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னதும் அப்பா நோட்டை எடுத்தார்.

"6,000 கிலோமீட்டர்னு வச்சுக்கோ. வேகம் 900. காத்தே இல்லன்னா போக ஆறு மணி நாப்பது நிமிஷம், வரவும் அதே. இப்ப 150 வேகத்துல காத்து அடிக்கி. போகும்போது 1,050. எவ்வளவு வருது?"

ஐந்து மணி 43 நிமிஷம் வந்தது.

"57 நிமிஷம் லாபம். வரும்போது 750. எட்டு மணி நேரம். 80 நிமிஷம் நஷ்டம். நேராகலல்லா?"

ஏன் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால், எதிர்க்காற்றுக்குள் நாம் இருக்கும் நேரமே கூடுகிறது. பின்காற்றில் வேகமாகப் போவதால் அதன் உதவி சீக்கிரம் முடிந்துவிடுகிறது. காற்று எவ்வளவு பலமோ அவ்வளவுக்கு மொத்தப் பயணம் நீளும். 1952-இல் பான் அமெரிக்கன் விமானம் ஒன்று இந்தக் காற்றின் மேல் ஏறி டோக்கியோ-ஹொனலூலு பயணத்தைப் பதினெட்டு மணியிலிருந்து பதினொன்றரை மணியாகக் குறைத்தது என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருப்பார்கள். திரும்பிவந்த விமானங்கள் எவ்வளவு நேரம் எடுத்தன என்று யாரும் எழுதுவதில்லை என்றார் அப்பா. கோடைக்காலத்தில் இந்தக் காற்றோட்டம் வடக்கே விலகி மெலிந்துவிடும், அப்போது இரண்டு பக்கமும் இவ்வளவு வித்தியாசம் வராது. அடுத்த முறை ஜூனில் போகலாம் என்று அவரே சொன்னார். அடுத்த முறை என்று அவர் வாயால் வந்ததைக் குறித்துக்கொண்டேன்.

பீகாருக்கு மேலே வந்தபோது மாலை வெயிலில் வலப் பக்கம் இமயமலை முழுநீளத்துக்கும் தெரிந்தது. கீழே பஞ்சு விரித்த மாதிரி மூடுபனி, அதன் விளிம்பில் சிவந்த சிகரங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் கூடவே வந்தன. அந்த மெதுவான விமானத்துக்கு அப்போது நன்றி சொன்னேன்.

டெல்லியில் தரையிறங்கியது 5.30. ஆகாயத்தில் 9 மணி 12 நிமிஷம். அப்பா நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வித்தியாசம் 2.34 என்று போட்டுக் கீழே கோடு இழுத்தார். விமானக் கதவு திறந்ததும் புகை வாசனை. வீட்டுக்கு டாக்ஸி 850 ரூபாய். ரசம் வைத்துச் சாப்பிட்டுப் படுத்தோம்.

ஜனவரி 18, சனி. டெல்லி

ஜப்பான் நேரம் உடம்பில் இருந்ததால் எனக்கு நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. அப்பா படுக்கையில் இல்லை. கழிப்பறையிலும் இல்லை. வாசல் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. பயந்துபோய் மாடிக்கு ஏறினேன்.

மொட்டை மாடியில் குரங்குக் குல்லாயும் போர்வையுமாக நின்றுகொண்டிருந்தார். எதிர்க் கட்டடம்கூடத் தெரியாத மூடுபனி. தண்ணீர்த் தொட்டியிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க என்னப்பா பண்றீங்க, இந்தக் குளிர்ல?"

"டெல்லியிலயும் பலூன் விடுவான்லா" என்றார். "அங்க எட்டரைன்னா இங்க அஞ்சு."

செல்போனைப் பார்த்தேன். 5.04.

"ஒண்ணுமே தெரியலயேப்பா."

"தெரியாது" என்றார், தலையை நிமிர்த்தியபடியே. "மேல போயிருக்கும்."